அடி வாங்கியவர் சொல்ல வேண்டிய சொல்

அன்று காலை எங்கள் வாள்பயிற்சிக் கூடமான டோஜோவில் நான்கு பேர் இருந்தோம். இனுகாய் செய்ஜியாகிய நான், என் மகள் ஷியோரி, ஐம்பது ஆண்டுகளாக என்னோடு வாள் பழகும் முரோதா, இலையுதிர் காலத்தில் புதிதாகச் சேர்ந்த பல் மருத்துவர் குவாபரா அம்மாள். வேறு யாரும் இல்லை.

குளிர்காலப் பயிற்சியின் பத்தாவது நாள், கடைசி நாள். காலை ஆறு மணிக்குப் பலகைத் தரை வெறுங்காலைக் கடித்தது. அந்தத் தரையைப் போட்டவர் என் தாத்தா. அவருக்குப் பின் டோஜோவை நடத்திய யாரும் பிறர் வாயில் விழும்படி வாழ்ந்ததில்லை. ஷியோரி நாற்பத்தொரு வயதில் கணவனை விட்டு வந்தவள். டோஜோவின் தலைவராக அவள் பெயர்ப்பலகை எங்கள் வாசலில் தொங்குவதில் எனக்கு விருப்பமில்லை. வசந்தம் வந்ததும் சென்டாய் நகரில் இருக்கும் தம்பி மகனிடம் டோஜோவை ஒப்படைக்க நினைத்திருந்தேன்.

புத்தாண்டன்று அவள் என்னிடம் வந்தாள்.

"பத்து நாள் பயிற்சி முடியறதுக்குள்ள ஒரே ஒரு தடவை என்கிட்ட 'மாயிரிமாஷிதா'ன்னு சொல்லிட்டீங்கன்னா டோஜோ எனக்கு. இல்லன்னா இதப்பத்தி வாயே தொறக்க மாட்டேன்ப்பா."

சரி என்றேன். 'மாயிரிமாஷிதா' என்பது தோற்றேன் என்று ஒப்புக்கொள்ளும் சொல். என் தந்தையிடம் சொல்லியிருக்கிறேன், என் ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். என்னைவிட இளையவர் எவரிடமும் சொன்னதில்லை. ஒன்பது நாட்களாக அவள் வாள் என்மேல் படவும் இல்லை.

வாளைத் தொடுமுன் சொற்களைக் கற்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நாங்கள் முகக்கவசம் கட்டும்போது முரோதா ஓரமாக உட்கார்ந்து குவாபரா அம்மாளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஹாஜிமே?"

"தொடங்கு."

"தலையில அடிச்சா?"

"மென்."

"மணிக்கட்டுல?"

"கோதே."

"இப்படி முணுமுணுத்தா அடி கணக்குலயே வராது டாக்டர். உங்ககிட்ட பல்லு புடுங்க வர்றவங்க கத்துவாங்களே, அப்படிக் கத்தணும்."

"என்கிட்ட யாரும் கத்தறதில்ல."

நானும் ஷியோரியும் வணங்கி மூங்கில் வாட்களை நீட்டினோம். நான் முன்னங்காலை நகர்த்திய கணத்தில் "கோதே" என்ற குரலும் அடியும் ஒன்றாக வந்தன. வலது மணிக்கட்டு.

"லேசு," என்றேன்.

மறுபடியும் அதே இடம், அதே குரல்.

"லேசு."

அவள் தன் இடத்துக்குத் திரும்பினாள். ஓரத்திலிருந்து குவாபரா அம்மாளின் குரல் கேட்டது.

"லேசுன்னா கணக்கில்லையா?"

"இல்ல," என்றார் முரோதா.

"பயிற்சியில நடுவர் இல்லையே. அத யாரு முடிவு பண்றது?"

"அடி வாங்கினவருதான்."

"அவரு பொய் சொன்னா?"

முரோதா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். கையுறைக்குள் என் மணிக்கட்டு எரிந்துகொண்டிருந்தது. குடும்பத்தின் பெயரைக் காப்பதாக நினைத்தவன், தாத்தா போட்ட தரையில் நின்று இரண்டு முறை பொய் சொல்லியிருந்தேன்.

மூன்றாவது அடி வருவதைப் பார்த்தேன். தடுக்க முழு வேகத்தில் வாளை உயர்த்தினேன். அதற்குள் "மென்" என்ற குரலோடு அவள் அடித்துவிட்டு என்னைக் கடந்து பின்னால் போயிருந்தாள். தலைக்கவசம் அதிர்ந்தது.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"மாயிரிமாஷிதா."

பிறகு அதோடு சேர்த்துச் சொன்னேன்.

"முன்னாடி அடிச்ச ரெண்டும் சரியான அடிதான்."

ஷியோரி வாளைத் தாழ்த்தவில்லை. "தெரியும் சென்செய்," என்றாள், அப்பா என்று அழைக்காமல் ஆசிரியர் என்று. "இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. வாங்க."

ஐந்து நிமிடமும் மோதினோம். பிறகு நால்வரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து இனிப்புப் பயறுக் கஞ்சி குடித்தோம். கிண்ணத்தைப் பிடிக்க என் வலது கை ஒத்துழைக்கவில்லை. ஷியோரி அதைப் பார்த்தாள், உதவ வரவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. மதியம் நானே சென்டாய்க்குத் தொலைபேசி, டோஜோ ஷியோரிக்குத்தான் என்று தம்பி மகனிடம் சொன்னேன்.

கிழவர் மனமிரங்கி மகளுக்கு விட்டுக்கொடுத்தார் என்று இப்போது கடைத்தெருவில் பேசுகிறார்கள். நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் மூன்று முறை அடித்தாள்.