நோலாவின் வேலியோரம்

"ஏண்டி ஏவிஸ், உன் வாய்க்குப் பூட்டே கிடையாதா? அந்தப் பொண்ணுகிட்ட என்னத்தடி சொல்லித் தொலச்ச?"

பக்கத்து வீட்டு நோலா என் கம்பிவலைக் கதவை உதைக்காத குறை. கையில் ஒரு கடிதம்.

"கேட்டா, சொன்னேன். கத்தாதடி, எதிர்வீட்டு க்ளைவ் காதத் தீட்டிக்கிட்டு நிக்கிறான்."

"நிக்கட்டும்! எப்படியும் நீதான அவனுக்குச் சொல்லப் போற!"

அது என்னவோ உண்மைதான்.

எங்கள் தெருக்கோடியில் முன்பு ஒரு பெட்ரோல் கிடங்கு இருந்தது. மூடிப் பன்னிரண்டு வருடம். கசிந்த பெட்ரோல் நிலத்தடி நீரில் எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க, போன வருடம் கிடங்கை நடத்திய கம்பெனி ஆட்களை அனுப்பியது. எங்கள் முற்றங்களில் துளை போட்டார்கள். டேகன் என்ற பெண் மாதமொரு முறை வந்து, துளைத் தண்ணீரைப் புட்டியில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து பெர்த் நகர ஆய்வகத்துக்குக் கொண்டுபோவாள். நோலா வீட்டுத் துளையிலும் எண்ணெய் வாடை. பெட்ரோல் மூன்று வீடுவரை வந்திருக்கும்போல, அப்படியானால் மூன்றையும் கம்பெனியே வாங்கிக்கொள்ளும் என்றார்கள். மூன்றாவது நோலாவுடையது.

நோலாவுக்கு வேறு என்ன வழி? கணவன் லென் இறந்துவிட்டான். ஆல்பனியில் மகள் வா வா என்கிறாள். இந்தத் தெருவில் வேறு யாரும் வீடு வாங்க மாட்டார்கள். அவளோ குளிர்காலத்திலேயே பாத்திரங்களைப் பெட்டி கட்டிவிட்டாள்.

இந்த மாதிரி ஆய்வில், எது எங்கே இருந்தது என்று பழைய குடிகளைக் கேட்பது வழக்கமாம். டேகன் என் வீட்டுக்கு வந்தாள். நாற்பது வருடத்தில் நான் சொல்வதை ஒருவர் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொள்வது அதுவே முதல் தடவை. தேநீர் போட்டேன், கேக் வெட்டினேன். லாரி எங்கே நின்றது, பீப்பாய் எங்கே கழுவினார்கள், எந்த மேலாளர் யார் மனைவியோடு ஓடினான், எல்லாம் சொன்னேன். கடைசியில் லென்னைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை.

"ஊர்லயே சுத்தமான வேலி அவனோடதும்மா. ஒரு புல்லு முளைக்காது. கிடங்கு லாரியில வடிச்ச கழிவு ஆயில டின்னுல கொண்டாந்து வருஷா வருஷம் வேலியோரமா ஊத்துவான். கரையானும் போயிடும்."

டேகனின் பேனா நின்றது. "எந்தப் பக்கம்னு காட்டுறீங்களா?"

காட்டினேன். எங்கள் ஊர் ஆண்கள் எல்லாருமே அப்படித்தான் ஊற்றினார்கள். என் வீட்டுக்காரரும்தான். அதைச் சொல்லவில்லை.

மறுவாரம் வேலியோரத்தைத் தோண்டினார்கள். இப்போது இந்தக் கடிதம்: பெட்ரோல் இரண்டாவது வீட்டோடு நின்றுவிட்டது; நோலா மண்ணில் இருப்பது இன்ஜின் ஆயில்; அது வீட்டுக்காரர் ஊற்றியது, கம்பெனி பொறுப்பல்ல. மண்ணை அள்ளிச் சுத்தம் செய்யும்வரை வீட்டுப் பத்திரத்தில் மாசுபட்ட மண் என்ற குறிப்பு இருக்கும்.

"செத்துப்போனவன குத்தவாளி ஆக்கிட்டியேடி."

"பெருமையாத்தான சொன்னேன் நோலா."

"தெரியும். அதான் எனக்கு இன்னும் எரியுது." படியில் உட்கார்ந்துவிட்டாள். "இனி இங்கேர்ந்து போகவே முடியாதா?"

"சுத்தம் பண்ணிட்டா..."

"யாரு பண்றது? நீ மம்பட்டி தூக்கிட்டு வர்றியா?"

க்ளைவ்கூட உள்ளே போய்விட்டான்.

முதல் வீட்டுக்காரர்கள் கம்பெனிக்கு விற்றுவிட்டு பன்பரிக்குப் போனார்கள். இரண்டாவது வீட்டு க்வென், ஐம்பத்தெட்டு வயதில், துளை போட வந்தவனையே கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு நோலாவும் போனாள், என் பக்கத்தில் மட்டும் உட்காரவில்லை. டேகனுக்கு டார்வினில் வேலை. நோலாவின் மகள் இரண்டு வருடம் காத்திருந்தாள். பிறகு மருமகனுக்கு மாற்றலாகி, குடும்பத்தோடு தூரத்து அடிலெய்டுக்குப் போய்விட்டாள். நோலா இன்னும் பக்கத்து வீட்டில்தான்.