ஆறு மாதுளை முத்துகள்

எங்கள் கம்பெனியில் கடவுள்களை பாஸ் பண்ணுகிறவள் நான். போன வாரம் ஜீயஸையே கழித்துப் போட்டேன். கடவுள்களுக்கெல்லாம் தலைவராம், இருக்கட்டும். மூக்கு நுனியில் கறுப்புப் புள்ளி இருந்தால் என் டேபிளைத் தாண்ட முடியாது.

ஓசூர் சிப்காட்டில் அட்டைப் பெட்டி அச்சடிக்கிற கம்பெனி அது. மருந்து டப்பாவுக்கும் சோப்பு டப்பாவுக்கும் நடுவில் ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. டாரட் சீட்டு. கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு ஒன்றை உருவினால் அது பதில் சொல்லுமாம். கிளி இல்லாத கிளி ஜோசியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டுக்கு எழுபத்தெட்டு சீட்டு, அத்தனையிலும் கிரேக்கப் புராணம். கழிவில் விழுந்ததைச் சேர்த்து எனக்கென்று ஒரு கட்டு வைத்திருக்கிறேன். திருட்டு இல்லை, சூப்பர்வைசர் குருமூர்த்தி சாரிடம் கையெழுத்து வாங்கி, கேட் பாஸ் போட்டுக் கொண்டுவந்ததுதான். என் கட்டில் இருக்கிற எல்லாக் கடவுளுக்கும் ஏதாவது ஒரு குறை உண்டு. அதனாலேயே எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

கம்பெனி பஸ்ஸில் நான்தான் ஜோசியக்காரி. தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்றிலும் கேள்வி வரும். பதிலைச் சீட்டோடு வந்த குறிப்புப் புத்தகத்திலிருந்து பாதியும் வாய்க்கு வந்தபடி பாதியுமாகச் சொல்லுவேன். எனக்கென்று மட்டும் எடுத்ததில்லை. சனிக்கிழமை பக்கத்து சீட் சுவாதி பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க, இன்னிக்குக்கூட எடுக்க மாட்டியா யுவஸ்ரீ? பயமா?"

பயம்தான். மாப்பிள்ளை தமிழரசன், காவேரிப்பட்டினம். அங்கிருந்து தினமும் ஓசூருக்கு வேலைக்கு வருகிறவர். இரண்டு வாரமாகப் போனில் பேசியதில் பிடித்துத் தொலைத்துவிட்டது. ஆனால் நான் போய்விட்டால் கெலமங்கலத்தில் அரை ஏக்கர் ரோஜாவோடும் ஒரு மாட்டோடும் அம்மா தனியாக இருப்பாள். அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. கேட்டால், "எனக்கென்ன, நான் பாத்துக்கறேன்" என்பாள். போன வருஷம் நான்கு நாள் டிரெய்னிங்குக்குச் சென்னை போய்த் திரும்பினால் ரோஜாவுக்குத் தண்ணீர் கட்டவில்லை, அடுப்பும் பற்றவைக்கவில்லை. அவள் பார்த்துக்கொள்கிற லட்சணம் எனக்குத் தெரியும்.

சீட்டை உருவினேன். பெர்செபொனி வந்தாள். கையில் மாதுளம்பழம், அதன் சிவப்பு நிறம் ஓரக்கோட்டைத் தாண்டி வழிந்ததால் நானே கழித்த சீட்டு. பயிர் பச்சையைக் காக்கிற தேவியின் ஒரே மகள் இவள். பாதாள ராஜா தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அம்மாக்காரி அழுத அழுகையில் பூமியெல்லாம் காய்ந்து போகிறது. மகளைத் திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால், அவள் அங்கே ஆறு மாதுளை முத்தைத் தின்றுவிட்டாள். ஒரு முத்துக்கு ஒரு மாதம் என்று ஆறு மாதம் புருஷனோடு, மீதி ஆறு மாதம் அம்மாவோடு என்று தீர்ப்பாகிறது. சுவாதி கேட்டுவிட்டு, "மாதுளையப் பாத்தா தொடாதே" என்றாள்.

மறுநாள் காவேரிப்பட்டினத்தார் வைத்த தாம்பாளத்தில் வெற்றிலை, பூ, வாழைப்பழம், அதற்கெல்லாம் மேலே நாலு மாதுளை. தமிழரசனின் அம்மா ஒன்றை உடைத்து, "சாப்பிடும்மா" என்று பாதியை நீட்டினார்.

"வேணாங்க."

பெண் பார்க்க வந்தவர்கள் கொடுத்த பழத்தை யாராவது வேண்டாம் என்பார்களா? அம்மா பதறி, "தொண்டை சரியில்லைங்க அவளுக்கு" என்று பழத்தை வாங்கிக்கொண்டு சமையற்கட்டுக்குள் போய்விட்டாள்.

எங்களைப் பேசச் சொல்லிப் பின்பக்கம் மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். தமிழரசன் சுற்றி வளைக்கவில்லை.

"பழம் புடிக்கலீங்களா, என்னையப் புடிக்கலீங்களா?"

போன் உறைக்குள் வைத்திருந்த சீட்டைக் காட்டிக் கதையைச் சொன்னேன்.

"அப்ப பாதாள ராஜா நானுங்களா?" என்று சிரித்தார். மாடு வேறு தலையை ஆட்டியது.

"சிரிக்காதீங்க. எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. அம்மாவ விட்டுட்டு வரவும் முடியாது. எங்க கம்பெனியில வாரா வாரம் ஷிப்ட் மாறுதில்லீங்களா? பர்ஸ்ட் ஷிப்ட் வாரம் இங்க இருந்து வேலைக்குப் போறேன், செகண்ட் ஷிப்ட் வாரம் உங்க வீட்ல இருந்து. முடியும்னா சொல்லுங்க, முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க."

அவர் விரலை மடக்கி எதையோ கணக்குப் போட்டார்.

"கூட்டிக் கழிச்சா அதே ஆறு மாசந்தான வருது? எனக்குச் சரிங்க. எங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன். உங்கம்மா ஒத்துக்குவாங்களா?"

அதுதான் சிக்கல். கட்டிக்கொடுத்த பெண் வாரத்துக்கு வாரம் வந்து நின்றால் ஊர் பேசும் என்று எத்தனையோ தடவை சொன்னவள் அம்மா. உள்ளே போனேன். சமையற்கட்டில் அந்தப் பாதி மாதுளையைக் கையில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். கொட்டகையைப் பார்த்த சன்னல் விரியத் திறந்திருந்தது.

"எல்லாத்தையும் கேட்டுட்டியாம்மா?"

"சன்னலு தெறந்து கெடந்தா நான் என்ன பண்றது?" என்றாள். பிறகு முகத்தைப் பழத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு, முத்தை ஒவ்வொன்றாக உதிர்த்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. அதோடு நிறுத்திவிட்டாள்.

"ஆறும்மா" என்றேன்.

"மூணு போதும் கண்ணு."

மூன்று வருஷமாக நான் பாத்துக்கறேன், நான் பாத்துக்கறேன் என்றவள், இப்போது ஒன்பது மாதம் தனக்கென்று கேட்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அதற்குள் அழுகையும் வந்துவிட்டது. மூன்றையும் வாயில் போட்டுக்கொண்டு, கையைத் திரும்ப நீட்டியபடி நின்றேன். கூடத்தில் தமிழரசனின் அம்மா இருமினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீதி மூன்றையும் நிதானமாக, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.