ஒரே பிள்ளை

"டிம்மி, சீக்கிரம் ஏறு லா."

விவியன் தம்பியைக் காருக்குள் தள்ளினாள். திமோத்திக்கு வயது இருபத்தைந்து. புத்தி ஆறு வயதிலேயே நின்றுவிட்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் கிள்ளானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பெண் பார்க்க பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

"பார்ட்டியா அக்கா? நானும் இருக்கேனே."

"நீ இருந்தா நடக்காதுடா."

பங்சாரில், இவனைப் போன்றவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் அவனை விட்டுவிட்டுப் பறந்து வந்து சேலை கட்டினாள்.

"ஒரே பொண்ணா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் தாய் லூசி.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் அப்பா, கண் இமைக்காமல்.

"எங்க கிரிகரியும் அப்படித்தான். நாத்தனார் தொல்லை கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணத் தேதி முடிவானது.

மாலையில் விவியன் இல்லத்துக்குப் போனாள். திமோத்தி "அக்கா" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டான். அவனுக்குப் பின்னால், வளர்ந்த பெண் ஒருத்தியின் செருப்பு வாரைக் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். கிரிகரி.

"எங்க அக்கா," என்றான். திமோத்தியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "இவனப் பத்தி எங்கம்மாவுக்குத் தெரியவே கூடாது. இந்த மாதிரிப் பிள்ள இருக்கிற வீட்ல சம்பந்தம் வேணாம்னுடுவாங்க."