அட்டை அச்சான நேரம்

ஓடெல் ஃபான்டெனோ இருபத்திரண்டு வருடமாக ஒரே கட்டடத்தில் ஒரே வேலையைத்தான் பார்த்தார். கம்பெனிதான் மூன்று முறை மாறியது. இந்த ஆகஸ்ட்டில் நாலாவது முறை.

விண்வெளிக்கு ஆள் அனுப்பும் மையத்தின் பின்பக்கத்தில் குளிர்நீர் நிலையம் இருக்கிறது. நூறு கட்டடங்களின் ஏசிக்கும் குளிர்ந்த தண்ணீரைக் குழாய் வழியே தள்ளுவது அதன் வேலை. ஹூஸ்டன் வெயிலில் அந்தத் தண்ணீர் அரை மணி நின்றால் ராக்கெட்டும் கிடையாது, ராக்கெட்டைப் பற்றிப் பேசுகிற கூட்டமும் கிடையாது. அங்கே பம்ப் அரசாங்கத்துடையது, ஸ்பேனர் அரசாங்கத்துடையது, கை துடைக்கிற காகிதம்கூட அரசாங்கத்துடையது. ஆள் மட்டும் ஒப்பந்தக் கம்பெனிக்காரன். ஐந்தாறு வருடத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தம் கைமாறும். வெள்ளிக்கிழமை பச்சைச் சட்டையில் வீட்டுக்குப் போனவன் திங்கட்கிழமை நீலச் சட்டையில் அதே பம்ப் முன்னால் வந்து நிற்பான். செத்துப்போன கம்பெனிகளின் சட்டைகள் நண்டு பிடிக்கப் போகும்போது உதவும். வேறு எதற்கும் உதவியதில்லை.

புதுக் கம்பெனியின் பெயர் நார்த்பிரிட்ஜ். அடையாள அட்டை மாற்றும் நாளை உடற்பயிற்சிக் கூடத்தில் வைத்தார்கள். நடுவில் ஒரு நீள மேசை. இந்தப் பக்கம் பழைய அட்டையைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். மேசையைச் சுற்றி நடந்து அந்தப் பக்கம் போனால் படம் எடுத்துப் புது அட்டையை அச்சடித்துத் தருவார்கள். பன்னிரண்டு அடி நடந்தால் ஆள் புது ஆள். ஓடெல் காலை ஐந்தரைக்கே போய் முதல் ஆளாக நின்றார். பின்னால் அறுபத்தொரு பேர்.

ஆறு மணிக்குக் கூடம் திறக்கப் பத்து நிமிடம் இருக்கையில் ஒயர்லெஸ் கத்தியது. இரண்டாம் பம்ப் நின்றுவிட்டது. மேலே விண்வெளியில் சுற்றுகிறவர்களோடு பேசிக்கொண்டிருக்கும் அறையில் சூடு ஏறுகிறது. நிலையத்தில் இருந்தவன் நேற்று வந்த பையன், அழுகிற குரலில் பேசினான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் காலணியைப் பார்த்தார்கள். ஓடெல் வரிசையை விட்டு வெளியே வந்தார்.

நடுவில் நின்ற ஃபாபியன் ஒலிவாரெஸும் கூடவே கிளம்பினான். எட்டு வருடமாக ஓடெலோடு மதியச் சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொள்கிறவன். ஓடெல் கை காட்டி நிறுத்தினார்.

"ஒரு பம்புக்கு ரெண்டு முட்டாள் எதுக்குப்பா? நீ நில்லு."

அன்று அவர் செய்த பிழை அது ஒன்றுதான். எல்லோரும் வேலைக்காக வரிசையில் நிற்கும்போது அவர் வேலை பார்க்கப் போனார். பையனை வரிசைக்கு அனுப்பிவிட்டுப் பம்பைத் திறந்தார். தண்ணீரை அடைக்கும் தண்டின் சீல் கிழிந்திருந்தது. மாற்றி, காற்றை வெளியேற்றி, பம்பை ஓட்டிவிட்டு, நனைந்த பூட்ஸோடு திரும்பி வந்தபோது மணி பதினொன்று நாற்பது. படம் எடுக்கிற பெண் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி வெளியே எடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து ஷிப்ட் பட்டியலை ஒட்டினார்கள். எப்போதும் போல வேலையில் சேர்ந்த தேதிப்படிதான் ஷிப்ட். பழைய ஆளுக்கு முதல் உரிமை. ஆனால் புதுக் கம்பெனியில் அறுபத்து மூன்று பேருக்கும் சேர்ந்த தேதி ஒன்றே. யார் மூத்தவன் என்று கம்ப்யூட்டருக்குக் குழப்பம் வந்தது. அது அட்டை அச்சான நேரத்தை எடுத்துக்கொண்டது. பகல் ஷிப்டுக்கு நாற்பது இடம். நாற்பதாவதாக ஃபாபியன். அறுபத்து மூன்றாவதாக, நேற்று வந்த பையனுக்கும் கீழே, ஓடெல் ஃபான்டெனோ. மூன்று மணி முதல் பதினொன்றரை வரை, இன்னும் இரண்டு வாரத்தில் தொடங்கி.

அவருக்கு அது ஆகாது. மனைவி வெர்னெலுக்கு வாரம் மூன்று நாள், நாலு மணிக்கு, டயாலிசிஸ். அந்த நாலு மணி நாற்காலிக்காக எட்டு மாதம் காத்திருந்தார்கள். வேறு நேரத்து நாற்காலி எதிலும் இடமில்லை. ரத்தம் சுத்தமாகி எழுந்தால் அவளுக்குத் தலை சுற்றும், கார் ஓட்ட முடியாது. அவர்கள் இருக்கும் லா மார்க்கில் பஸ் என்று ஒன்று இருப்பதாகக் கேள்வி, யாரும் பார்த்ததில்லை. மகன் எங்கோ தொலைவில் டல்ஸாவில் இருக்கிறான்.

"நீ எந்திரிச்சுப் போனப்ப ஒருத்தனாச்சும், அண்ணே உங்க இடத்த நான் புடிச்சு வைக்கிறேன்னு சொன்னானா?" என்று கேட்டாள் வெர்னெல்.

இல்லை என்றார்.

"சினிமாக் கொட்டகையில கூட ஒரு கைக்குட்டையப் போட்டுட்டுப் போவாங்க. நீ சர்ச்சுல ரெண்டு வாட்டி டீக்கனா இருந்தவன். உனக்கு அந்தப் புத்திகூட இல்லை."

மறுநாள் அவர் தள மேலாளரைப் பார்க்கப் போனார். ட்ரெவர் ஹால்க்விஸ்ட், முப்பத்தொரு வயது, டென்வரிலிருந்து இறக்குமதி. பம்ப் எந்தப் பக்கம் உறிஞ்சும், எந்தப் பக்கம் தள்ளும் என்று கேட்டால் ஒரு கூட்டம் போட்டு முடிவு செய்வான். எல்லாவற்றையும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். அவர் கஷ்டம் தனக்கு ரொம்பப் புரிகிறது என்றான். புரிந்ததாகச் சொல்லி முடித்ததும் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பி, சிஸ்டம் அப்படித்தான் வைத்திருக்கிறது என்று காட்டினான், ஏதோ சிஸ்டம் மழையோடு சேர்ந்து வானத்திலிருந்து விழுந்தது போல.

"இருபத்திரண்டு வருஷம், தம்பி," என்றார் ஓடெல்.

"அது அவங்ககிட்ட, சார். எங்ககிட்ட நீங்க ஒரு வாரம்."

அதே வாரம் அதே ட்ரெவர் நிலையத்துக்கு அவரைத் தேடி வந்தான். அவன் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். விஷயம் இதுதான். விரிகுடா வட்டார வளர்ச்சிக் கழகம் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. வீட்டுமனைக்காரர்களும் வங்கிக்காரர்களும் கார் விற்கிறவர்களும் சேர்ந்து நடத்துவது. வருடா வருடம் செப்டம்பரில் ஏரிக்கரை ஓட்டலில் விருந்து வைத்து, மையத்தால் வட்டாரத்துக்கு எவ்வளவு வளம் வந்தது என்று பளபளப்பான புத்தகம் வெளியிடுவார்கள். இந்த வருடம் அறுநூற்றுப் பன்னிரண்டு புது வேலைகள். நார்த்பிரிட்ஜ் தன் பங்காக அறுபத்து மூன்று என்று எழுதிக் கொடுத்திருந்தது. வேலை கூடவில்லை, ஆள் கூடவில்லை, பம்ப் கூடவில்லை. சட்டை மட்டும் நிறம் மாறியது. மற்ற கம்பெனிகள் கொடுத்த எண்ணும் இதே தோட்டத்துக் காயாகத்தான் இருக்கும் என்று ஓடெல் நினைத்துக்கொண்டார்.

கழகத்து அம்மாளுக்கு மேடையில் நிறுத்த ஒரு நிஜத் தொழிலாளி வேண்டுமாம். நரைத்த தலை, பச்சை குத்தாத கை, தேவாலயத்தில் பேசிப் பழகிய வாய். ட்ரெவருக்கு அவரைத் தவிர வேறு ஆள் அகப்படவில்லை. ரெண்டே வரி பேசினால் போதும் என்றான். கம்பெனியின் மேலிடத்திலிருந்தும் ஆட்கள் வருவதாகச் சொன்னபோது குரல் கொஞ்சம் தழைந்தது. ஓடெல் அதைக் கவனித்தார். வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

விருந்தன்று முந்நூறு பேர். வேகவைத்த கோழி, உள்ளே கீரை திணித்தது. ஆளுக்கொரு துண்டு பெக்கன் கொட்டை போட்ட இனிப்பு. பல்கலைக்கழகத்துப் பொருளாதாரக்காரர் திரையில் படம் போட்டு விளக்கினார். மையத்துக்குள் ஒரு வேலை உண்டானால் வெளியே இரண்டரை வேலை உண்டாகிறது. முடிவெட்டுகிறவர், பல் வைத்தியர், பீட்சா கொண்டு வருகிறவன் எல்லோரும் ஒரு குளிர்நீர் மெக்கானிக்கின் தோளில் உட்கார்ந்திருந்தார்கள். ஓடெலின் மேசையில் தேநீர் ஊற்ற வந்த பெண், அந்த அரை ஆளு நான்தான் போல என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் இந்த ஓட்டலில் பாதி நாள் வேலைக்காரி.

பெயரைக் கூப்பிடப் பத்து நிமிடம் முன்னால் ட்ரெவர் வந்து நினைவுபடுத்தினான். ஓடெல் எழுந்து அவனைக் காப்பிக் குடம் இருந்த நடைக்கு அழைத்துப் போனார்.

"மேடையில என்னைய எத்தனை வருஷம் வேலை பார்க்கிறேன்னு கேப்பாங்க. இருபத்திரண்டுன்னு சொல்லட்டுமா, மூணு வாரம்னு சொல்லட்டுமா?"

ட்ரெவரின் முகம் கோழிக்குள் இருந்த கீரை நிறத்துக்கு வந்தது. "சார், அது நம்ம கம்பெனிக் கணக்குல…"

"தெரியும் தம்பி. பகல் ஷிப்ட் குடு. மூணு வாரம்னே சொல்றேன்."

திங்கட்கிழமை பார்க்கலாம் என்றான். ஓடெல் காப்பி ஊற்றிக்கொண்டார். மனிதவளத் துறையிடம் கேட்க வேண்டும் என்றான். ஓடெல் சர்க்கரை போட்டார். உள்ளே கழகத்து அம்மாள் ஒலிபெருக்கியில் பேச ஆரம்பித்துவிட்டாள். சிஸ்டம் விடாது என்று இரண்டு வாரம் முன்னால் சொன்னவன் பையிலிருந்து போனை எடுத்தான். சிஸ்டம் அதற்குள்ளேயே இருந்தது. கட்டைவிரலால் நாலு தடவை தட்டினான். பிறகு நிறுத்தினான்.

"நாப்பதாவது ஆளு கீழ இறங்குவாரு. ஒலிவாரெஸ்னு ஒருத்தர். பரவாயில்லையா?"

நாற்பதாவது ஆள் யார் என்று ஓடெலுக்குத் தெரியும். பட்டியல் ஒட்டிய நாளிலிருந்து தெரியும். ஃபாபியனின் மனைவி யெசேனியா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மாலை வேலைக்காரி. இரண்டு பெண் குழந்தைகள். மூன்றரைக்குப் பள்ளிக்கூட வாசலில் அவன் போய் நின்றாக வேண்டும். இது எதுவும் தெரியாதவர் போல் காப்பியைப் பார்த்துக்கொண்டு நிற்க அவருக்கு அரை நிமிடம் தேவைப்பட்டது. அந்த அரை நிமிடத்தில் நாற்பதுக்குப் பதில் நாற்பத்தொன்று ஆக்கு என்று கேட்டுப் பார்க்கலாமே என்றுகூடத் தோன்றியது. கேட்டார். இடம் நாற்பதுதான், அது மையத்தோடு போட்ட ஒப்பந்தம் என்றான் ட்ரெவர். அந்த ஒன்றை மட்டும் அவன் பொய்யாகச் சொல்லவில்லை.

"மாத்து," என்றார் ஓடெல்.

மேடையில் அவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் வேலை கிடைத்தது என்றார். பகல் ஷிப்ட் என்றும், மனைவியை டயாலிசிஸுக்குத் தன் கையாலேயே அழைத்துப் போக முடிகிறது என்றும் சொன்னார். கழகத்து அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கார் விற்கிறவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். உள்ளூர் டிவி அவர் முகத்தை மிக அருகில் பிடித்தது. மேசைக்குத் திரும்பியபோது பொருளாதாரக்காரர் வந்து கை குலுக்கி, எண்களுக்கு ஒரு முகம் கொடுத்ததற்கு நன்றி என்றார். ஓடெல் பெக்கன் இனிப்பை முழுதாகத் தின்றார். நன்றாகத்தான் இருந்தது.

வெர்னெலிடம் அன்று மாலையே சொன்னார், யார் இறங்கியது என்பதையும் சேர்த்து. அவள் வெகுநேரம் டிவியின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ மாத்தச் சொல்லலைன்னா நான் உன்னத் திட்டியிருப்பேன்," என்றாள் கடைசியில். "இப்ப திட்டறதுக்கு யாருமில்ல."

திங்கட்கிழமை மூன்று மணிக்கு ஷிப்ட் மாறியது. ஃபாபியன் தலைக்கவசத்தோடு உள்ளே வந்தான். ஓடெல் பதிவேட்டை நீட்டினார். பம்புகளின் அழுத்தத்தை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். ஒன்றிலும் அவசரமில்லை.

"டிவில பார்த்தேன், மிஸ்டர் ஓடெல். நல்லாப் பேசினீங்க."

"பிள்ளைங்க?"

"பக்கத்து வீட்டுக்காரிக்குச் சம்பளம் பேசி விட்டிருக்கேன்." பேனாவை மூடினான். "அடுத்த வருஷம் அவளையும் அந்தப் புத்தகத்துல சேத்துக்கச் சொல்லுங்க. உங்களால உண்டான வேலைதானே."

ஓடெல் பதிவேட்டை வாங்கி மேசையில் வைத்தார். நேரமாகிவிட்டது, வெர்னெல் வாசலில் பையோடு நின்றுகொண்டிருப்பாள், பத்து நிமிடம் தாமதமானால் நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இரண்டாம் பம்ப் இப்போது ஒழுங்காக ஓடுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கினார்.