அக்கா, நீ சும்மா இரு

மீன் சந்தையில் ஏலம் கூவுகிறவள் நான். பன்னிரண்டு வருஷத்தில் என் குரலுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. என் தங்கை நூலகத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அவளுக்கு அதிகம். சின்ன வயசிலிருந்தே அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசி வந்தேன். பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், ஏன், அவளைக் கட்டிக்கொண்ட மனிதரிடம்கூட முதலில் பேசியது நான்தான்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஆறு வாரம். கணவர் கப்பலில் இருந்தார். திரும்ப இன்னும் இரண்டு மாதம். அம்மா காலமாகி வெகுநாள். அதனால் ஏலம் முடிந்ததும் குளித்துவிட்டு நேரே அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். சமைத்து, துணி துவைத்து, குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுச் சாயங்காலம் கிளம்புவேன். சந்தையில் ஒரே பீற்றல்தான்: "என் தங்கச்சி தனி ஆளா சமாளிக்கிறா. ஒரு சிணுங்கல் உண்டா?"

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவள் வெகுநேரம் இருப்பதை நான் கவனிக்காமல் இல்லை. தூக்கம் கெட்டால் கண் கலங்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். எனக்கு இருக்கிற மூளை அவ்வளவுதான்.

தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரி போனோம். ஊசி குத்தியதும் குழந்தை ஊரைக் கூட்டியது. சந்தேகமே இல்லை, பெரியம்மா தொண்டை! நர்ஸ் ஒரு தாளை எடுத்துக்கொண்டு தங்கையிடம் கேட்டார்.

"நல்லா தூங்குறீங்களா?"

"தூங்குறா," என்றேன் நான்.

"சாப்பாடு?"

"நான்தானே போடறேன், சாப்பிடாம விடுவேனா?"

"அடிக்கடி அழுகை வருதா?"

"எங்க வீட்டுல அழுமூஞ்சியே கிடையாது, சிஸ்டர்."

தங்கை என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, நீ சும்மா இரு."

முப்பது வருஷத்தில் அவள் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை.

"தினமும் அழறேன்," என்றாள் நர்ஸிடம். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "பாப்பாவைத் தூக்கினா எனக்கு ஒண்ணுமே தோணல. யாரோட குழந்தையையோ பார்த்துக்கிற மாதிரி இருக்கு. சாயங்காலம் இவ செருப்பை மாட்டினாலே வாசலை மறிச்சு நிக்கணும் போல இருக்கு. தனியா இருக்க பயமா இருக்கு."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். "சொன்னீங்களே, அதுவே பெரிய விஷயம். நிறைய அம்மாக்களுக்கு இப்படி வருது. சரிபண்ணலாம். இன்னைக்கே டாக்டரைப் பார்த்துடலாம்."

வராந்தாவில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"எப்படிச் சொல்றது? ஊரெல்லாம் என்னைப் பத்திப் பெருமையடிச்சுட்டு இருந்தியே."

சுருக்கென்று தைத்தது. அழுமூஞ்சி இல்லாத வீட்டின் மூத்த பெண் அந்த வராந்தாவில் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். தங்கை என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

டாக்டர் அறைக்குள் கூப்பிட்டார்கள். "தனியா பேசணும்னா அவங்க வெளியில இருக்கட்டுமா?" என்று டாக்டர் கேட்டார். நான் எழுந்துவிட்டேன்.

"வேண்டாம் டாக்டர். அக்கா இருக்கட்டும்," என்றாள் தங்கை. "அவளும் கேக்கணும்."

அரைமணி நேரம் அவள் பேசினாள். நான் குழந்தையை மாரோடு அணைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் தங்கையை நினைத்துப் பட்ட பெருமையை இதுவரை சந்தையில் யாரிடமும் நான் சொன்னதில்லை.