காது சொல்லும் பொய்

முதுகில் மூட்டையோடு கப்பலில் ஏறும் பலகையில் நின்ற கூலியாள் இன்னாசிக்கு, அசையாமலே கடலுக்குள் சரிவதுபோல் இருந்தது.

"உடம்பு அசையுதெண்டு சொல்லுறது உள்காது. உமக்கு அது பொய் சொல்லுது," என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

துறைமுகத்தில் காது வருத்தக்காரனுக்கு வேலையில்லை, குடிகாரனுக்கு உண்டு. அதனால் சாராயமே குடிக்காத இன்னாசி, காலையில் அதால் வாய் கொப்புளித்துவிட்டு வந்திருந்தான்.

கங்காணி றேமண்ட் மோந்து பார்த்தார். "விடியமுதலே ஊத்திட்டியோடா?"

"ஓம் அண்ணே."

"போய்ப் படு நாயே. தெளிஞ்சாப்போல நாளைக்கு வா."

சுவரைப் பிடித்துப் பிடித்துக் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தான். மனைவி மெற்றில்டா நாளைக்கென்று சாராயப் போத்தலை எடுத்து வைத்தாள்.

"பிள்ளையள் கேட்டா என்ன சொல்லுவாய்?" என்று கேட்டான்.

"அப்பா குடிகாரன் எண்டுதான். உண்மை தெரிஞ்சா அதுகள் வெளியில போய்ச் சொல்லிப்போடுங்கள்."