ஆறு மாதம் மலைமுனையில்

1

இந்தக் கதையை என் மனைவியிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். (பாதியில் பிடிபட்டேன். "எழுதித் தொலைங்க, ஆனா ரீல் விடாதீங்க" என்றாள்.)

போன வருடம் அவளுடைய சித்தப்பா இறந்துபோனார். இளவயதில் போருக்குப் போய் வந்தவர். மடித்துவைத்த சட்டைகளுக்கு அடியில் இரண்டு பதக்கங்கள் கிடைத்தன. "வீரத்துக்குக் கொடுத்தது" என்று சித்தி அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டார். என்ன வீரம் என்று விசாரிக்கும் வேலை மனைவி தலையில் விழுந்தது.

2

குண்டுமழைக்கு நடுவே, ஒற்றை ஆளாகப் பாலத்தை அவர்—

[அடித்துவிட்டேன். பாலமே கிடையாது.]

3

முன்னாள் ராணுவத்தினர் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா பதக்கங்களைத் திருப்பிப் பார்த்தார். "இது அப்போ பட்டாளத்துல இருந்த எல்லாருக்கும் கொடுத்ததும்மா. இன்னொண்ணு, எல்லையில மலைமுனைக் காவல்ல ஆறு மாசம் விடாம இருந்தவங்களுக்கு. பனி விழுந்தா வழி மூடிடும். கடுதாசிகூட வராது, போகாது."

"வீரப் பதக்கம் இல்லையா?"

"இல்லம்மா."

பேருந்தில் வரும்போது அவள் நான்கு பொய்களை யோசித்துப் பார்த்தாளாம். (ஒன்று என் பாலத்தைவிட நன்றாகவே இருந்தது.) ஆனால் சித்தியின் முகத்தைப் பார்த்ததும் உள்ளதை அப்படியே சொல்லிவிட்டாள்.

4

சித்தி அழுவார் என்றுதான் நான் எழுதியிருந்தேன். நடந்தது வேறு.

"ஆறு மாசமும் அங்கயேவா இருந்தாரு?"

"ஆமா சித்தி. நடுவுல எங்கயாவது போயிருந்தா இதைத் தரமாட்டாங்களாம்."

சித்தி பதக்கத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"கல்யாணமான புதுசு. ஆறு மாசம் ஒரு கடுதாசி இல்ல. ஓடிப்போயிட்டான்னாங்க, எங்கயோ இன்னொரு குடும்பம் வச்சிருக்கான்னாங்க. திரும்பி வந்து, 'வழி மூடிடுச்சு'ன்னாரு. நான் தலைய ஆட்டினேன். ஆனா நம்பலடி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நாப்பது வருஷம் சமைச்சுப் போட்டேன். அவருக்குத் தெரிஞ்சிருக்கும். ஒருநாளும் இதை எடுத்துக் காட்டல பாரு."

5

வீரத்தைத் தேடி எழுத உட்கார்ந்தவன் நான். 'இந்த ஆள் இங்கே இருந்தார்' என்பதற்கு மேல் அந்தப் பதக்கம் எதையும் சொல்லவில்லை. சித்திக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

சித்தி எழுந்து, அவர் படம் மாட்டியிருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. என் மனைவி வெளியில் நின்றிருந்தாள். அவள் காதில் எல்லாம் விழுந்திருக்கிறது. என்னிடம் சொல்ல மறுக்கிறாள்.

முடிவை நானே எழுதலாம். என்னால் முடியாமலில்லை. ஆனால் அது ஒரு மனைவி தன் கணவரிடம் பேசியது. உங்களுக்குத் தெரிந்தால் மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.